ஊஹ்ட்செயரெ: பழைய ஆங்கிலத்தில் ஒரே ஒருமுறை எழுதப்பட்ட விடியற்காலக் கவலை

பழைய ஆங்கிலத்தில் ஊஹ்ட்செயரெ என்று ஒரு சொல் உண்டு. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்து, எழுந்திருக்கவும் மனமில்லாமல் திரும்பத் தூங்கவும் முடியாமல், படுக்கையில் புரண்டபடி எதையாவது நினைத்துக் கவலைப்படுவதற்குத்தான் இந்தப் பெயர் என்று இணையத்தில் அடிக்கடி ஒரு படம் சுற்றி வரும், நீங்களும் பார்த்திருக்கலாம். பார்க்கிற எல்லோருக்கும் "அட, இது நம்ம கதை ஆச்சே" என்று தோன்றும். அதனால்தான் இந்தச் சொல் இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் விளக்கம் பாதிதான் சரி. மீதிப் பாதியில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு ஓக் மரம் இருக்கிறது, கடல் தாண்டிப் போன ஒரு புருஷன் இருக்கிறான். அவர்களை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் நல்ல பகுதி கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு சின்ன தெளிவு. பழைய ஆங்கிலம் என்றால் ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் இல்லை. அவர் அதற்கு ரொம்பப் பிந்தியவர். சுமார் 5-ஆம் நூற்றாண்டில் வடகடல் தாண்டி பிரிட்டனுக்கு வந்து குடியேறிய ஆங்கிள், சாக்ஸன் போன்ற கூட்டத்தார் பேசிய மொழி இது. 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மெல்ல மெல்ல மாறி வேறு மாதிரி ஆகிப்போனது. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் பழைய ஆங்கிலத்தைப் படித்தால் ஒரு வரிகூடப் புரியாது. தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ஊஹ்ட், செயரெ என்று இரண்டு துண்டு. முதல் துண்டில் வரும் ஹ் தொண்டையில் உரசிக்கொண்டு வர வேண்டும், பாஹ் என்ற இசைமேதையின் பெயரை ஜெர்மானியர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி. இரண்டாவது துண்டைப் பலர் "கெயரெ" என்று க ஒலியோடு படிக்கிறார்கள், ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ச்செ என்ற ஒலிதான் வரும் என்பது மொழியறிஞர்களின் கணக்கு. இன்னொன்றும் உண்டு. அகராதியில் இது ஊஹ்ட்செயரு என்று இருக்கும். இந்தச் சொல் இடம்பெறும் பழைய கவிதையில் செயப்படுபொருளாக வருவதால் ஈறு மாறி ஊஹ்ட்செயரெ ஆகியிருக்கிறது. இணையத்தில் பிரபலமானது இந்த வேற்றுமை உருவம்தான்.

ஊஹ்ட் என்பது இரவின் கடைசிப் பகுதி, கீழ்வானம் வெளுப்பதற்குச் சற்று முந்திய நேரம். தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி அலைய வேண்டியதே இல்லை, வைகறை என்று சொன்னால் போதும். அதை மூன்று மணி, நான்கு மணி என்று கடிகாரத்தில் குறிக்கப் பார்த்தால்தான் சிக்கல். இங்கிலாந்து நிலநடுக்கோட்டிலிருந்து ரொம்பத் தள்ளி வடக்கே இருக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்தான், இரவு பதினாறு மணி நேரம், சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் தலைகாட்டும். ஜூனில் இது அப்படியே தலைகீழ். அதனால் குளிர்காலத்து ஊஹ்ட் ஒரு நேரத்தில், கோடைகாலத்து ஊஹ்ட் வேறொரு நேரத்தில். அந்தக் காலத்து ஆட்களுக்கு நேரம் என்பது வெளிச்சத்தையும் சேவலையும் பொறுத்தது. சேவல் கூவும் வேளைக்கு ஹன்க்ரெட் என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். இரவில் நேரம் தெரிந்துகொள்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஆல்ஃபிரட் அரசரின் கதை ஒன்று போதும். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் எரிகிற மாதிரி எடை பார்த்து ஆறு மெழுகுவத்தி செய்யச் சொல்லி, ஒன்றிலிருந்து ஒன்றாக ஏற்றி ஒரு நாள் முழுவதையும் அளந்தாராம். சுவர் இடுக்கு வழியாக வந்த காற்று அதையும் வேகமாக எரித்துவிட, மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கொம்பில் கூண்டு செய்து வத்தியை உள்ளே வைத்தார் என்று அவர் காலத்திலேயே அவரைப் பற்றி எழுதிய ஆஸர் என்ற பாதிரியார் குறித்து வைத்திருக்கிறார்.

அரசருக்கே இந்தப் பாடு என்றால், ஊஹ்ட் நேரத்தில் கட்டாயமாக எழுந்திருக்க வேண்டிய கூட்டம் ஒன்று இருந்ததே, அவர்கள் பாட்டைக் கேட்க வேண்டாம். மடத்துத் துறவிகளைத்தான் சொல்கிறேன். அவர்கள் இருட்டிலேயே எழுந்து தேவாலயத்துக்குப் போய்ப் பாடும் வழிபாட்டுக்குப் பெயர் ஊஹ்ட்சங், அதாவது வைகறைப் பாட்டு. சுமார் 1000-ஆம் ஆண்டுவாக்கில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி, மடத்துச் சிறுவர்கள் லத்தீன் பேசப் பழகுவதற்காக வாத்தியாரும் பையன்களும் பேசிக்கொள்வது மாதிரி ஒரு உரையாடல் எழுதினார். பிற்பாடு யாரோ அதன் வரிகளுக்கு மேலே பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதி வைத்ததால் நமக்கு அது இரண்டு மொழியிலும் கிடைக்கிறது. அதில் இன்றைக்கு என்னென்ன செய்தாய் என்று கேட்டதும் பையன், மணிச் சத்தம் கேட்டதும் படுக்கையிலிருந்து எழுந்து தேவாலயத்துக்குப் போய் சகோதரர்களோடு ஊஹ்ட்சங் பாடினேன் என்று தொடங்கி நாள் முழுக்கச் செய்ததை ஒப்பிக்கிறான். அப்புறம் உன்னை யார் எழுப்புவார்கள் என்று ஒரு கேள்வி. சில நாள் மணிச் சத்தம் கேட்டு நானே எழுந்துவிடுவேன், சில நாள் வாத்தியார் பிரம்பால் கடுமையாக எழுப்புவார் என்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு பையனின் தூக்கக் கலக்கம் இவ்வளவு கிட்டத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் மேல் பாவமாக இருக்கும்.

துறவிகளுக்கு அது வழிபாட்டு நேரம். கதைகளில் அது ஆபத்தின் நேரம். பேவுல்ஃப் என்ற நெடுங்கவிதையில் வரும் நாகத்துக்கு இரண்டு பட்டம்: ஊஹ்ட்ஸ்செயதா, அதாவது வைகறையில் வந்து நாசம் செய்பவன், அப்புறம் ஊஹ்ட்ஃப்ளோகா, வைகறையில் பறப்பவன். அதே கவிதையில் கிரெண்டல் என்ற அரக்கன் இராத்திரி மண்டபத்துக்குள் புகுந்து முப்பது வீரர்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அவன் செய்த காரியம் ஊஹ்ட் வேளையில்தான் மற்றவர்களுக்குத் தெரிய வருகிறது, அழுகை கிளம்புகிறது. ஆக, இந்தச் சொல்லைக் கேட்ட ஒரு ஆங்கிலோ-சாக்ஸன் ஆளுக்குக் குருவிச் சத்தமும் இளங்காற்றும் நினைவுக்கு வந்திருக்காது. இருட்டு, குளிர், தனிமை, ஏதோ நடந்துவிட்டதோ என்ற பயம், இதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது துண்டுக்கு வருவோம். செயரு, இன்னொரு வடிவத்தில் கரு. இன்றைய ஆங்கிலத்தில் கேர் என்று நாம் தினமும் பயன்படுத்தும் சொல் இதன் வாரிசு. ஸ்கின் கேர், டே கேர், கஸ்டமர் கேர் என்று இன்றைக்கு அது பராமரிப்பு ஆகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் துக்கம், மனக்கவலை. ஜெர்மனில் புனித வெள்ளியை கார்ஃப்ரைட்டாக் என்பார்கள். அதில் வரும் கார் இதே குடும்பத்துச் சொல்தான், புலம்பல் வெள்ளி என்று அர்த்தம். லத்தீனில் கவனிப்பு என்ற பொருளில் கூரா என்று ஒன்று இருப்பதால் கேர் அதிலிருந்து வந்தது என்று நினைக்கத் தோன்றும், அது தப்பு. கூராவிலிருந்து வந்தது கியூர். கேர் வேறு வம்சம். கேர்ஃபுல் என்பதற்கும் ஆரம்பத்தில் ஜாக்கிரதையானவன் என்று பொருள் இல்லை, துக்கம் நிறைந்தவன் என்றுதான் பொருள். ஒன்றைப் பற்றி வருந்திக்கொண்டே இருப்பவன் அதைப் பார்த்துக்கொள்ளவும் செய்வான் என்ற வழியில் பொருள் மெதுவாக நகர்ந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்தால் வைகறைத் துக்கம், அவ்வளவுதான். சொல்லுக்குள் படுக்கையும் இல்லை, புரள்வதும் இல்லை. அதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது.

இந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய ஆங்கில எழுத்துகள் அத்தனையிலும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துப் பேராலயத்தில் இருக்கும் ஒரு கையெழுத்துப் பிரதி, எக்ஸிட்டர் நூல் என்பார்கள். 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலில் எழுதப்பட்டது, 1072-இல் இறந்த லியோஃப்ரிக் என்ற ஆயர் பேராலயத்துக்குக் கொடுத்தது. அவர் கொடுத்த பொருள்களின் பட்டியலில், பல விஷயங்களைப் பற்றிச் செய்யுளில் எழுதப்பட்ட ஒரு பெரிய ஆங்கிலப் புத்தகம் என்று ஒரு வரி இருக்கிறது. இந்த நூலைத்தான் அந்த வரி குறிக்கிறது என்பது பொதுவான முடிவு. பழைய ஆங்கிலக் கவிதை என்று இன்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி நான்கே நான்கு பிரதிகளில் அடங்கிவிடும், அதில் இது ஒன்று. இடையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போன காலத்தில் யாரோ அதன்மேல் கத்தியால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். ஏதோ பாத்திரத்தை வைத்த வட்டக் கறை இருக்கிறது, கடைசிப் பக்கங்களை நெருப்பு துளைத்துப் போயிருக்கிறது. நம் சொல் இருக்கும் கவிதை அந்தத் தீக்காயம் பட்ட பக்கங்களுக்குச் சற்று முன்னால் வந்துவிடுகிறது. சில ஏடுகள் தள்ளி எழுதியிருந்தால் அந்த வரி இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கவிதைக்கு மூலத்தில் தலைப்பு கிடையாது. இன்று மனைவியின் புலம்பல் என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைக்கிறார்கள், அது பிற்காலத்து அறிஞர்கள் வைத்தது. மொத்தம் 53 வரி. பேசுவது ஒரு பெண் என்று எப்படித் தெரியும் என்றால், முதல் இரண்டு வரியிலேயே தன்னைக் குறிக்கும் சொற்களுக்குப் பெண்பால் ஈறு போட்டிருக்கிறது. துயரத்தில் இருக்கும் நான் என் சொந்த வழியைப் பற்றி இந்தப் பாட்டைச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கிறாள். அப்புறம் வருகிறது நம் வரி. தமிழில் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

முதலில் என் தலைவன் தன் மக்களை விட்டு
அலைகளின் கொந்தளிப்பைத் தாண்டிப் போனான்;
எந்த நிலத்தில் இருக்கிறானோ என் மக்கள்தலைவன் என்று
எனக்கு ஊஹ்ட்செயரெ இருந்தது.

கவனித்தீர்களா, இது பொத்தாம்பொதுவான கவலை இல்லை. எங்கே இருக்கிறான் என்ற ஒரு குறிப்பிட்ட கேள்வி, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றியது. வாக்கிய அமைப்பே அப்படித்தான்: கவலை என்ற சொல்லுக்குப் பின்னாலேயே எங்கே என்ற கேள்விச் சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடன், பரீட்சை, நாளைக்கு ஆபீஸில் நடக்கப் போகும் கூட்டம் என்று எல்லாக் கவலைக்கும் இந்தச் சொல்லை இன்று போட்டுக்கொள்கிறார்கள், போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அது முதன்முதலில் எழுதப்பட்ட இடத்தில் தகவல் இல்லாத ஒரு மனுஷனுக்காகக் காத்திருப்பவளின் சொல் அது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவள் துண்டு துண்டாகத்தான் சொல்கிறாள், வரிகளும் பல இடத்தில் இரண்டு அர்த்தம் கொடுக்கும், அறிஞர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேடிக்கொண்டு கிளம்பினாள். அவனுடைய சொந்தக்காரர்கள் இருவரையும் பிரித்து வைக்க இரகசியமாகத் திட்டம் போட்டார்கள். கடைசியில் காட்டுக்குள் ஒரு ஓக் மரத்தின் கீழ், மண்ணுக்குள் இருக்கும் ஒரு குழியிலோ குகையிலோ இருக்கும்படி அவளுக்கு உத்தரவு. பழைய இடம், சுற்றிலும் இருண்ட பள்ளத்தாக்கு, உயர்ந்த குன்று, முள் மண்டிய வேலி. இவள் அங்கே செத்துப் போய்ப் பேசுகிறாள், அது கல்லறை என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. நான் அவளை உயிரோடு இருப்பவளாகவே படிக்கிறேன். அப்படிப் படித்தால்தான் அடுத்து வரும் வரிகள் சுடுகின்றன.

உலகத்தில் எத்தனையோ அன்பர்கள் உயிரோடு, பிரியமாக, படுக்கையில் சேர்ந்து கிடக்கிறார்கள். நானோ ஊஹ்ட் நேரத்தில் தனியாக இந்த ஓக் மரத்தின் கீழ், இந்த மண்குகைகளைச் சுற்றி நடக்கிறேன் என்கிறாள். அப்புறம் நீண்ட கோடைப் பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் என்கிறாள். இங்கே மறுபடியும் அதே ஊஹ்ட். படுக்கையில் இருப்பது மற்றவர்கள்! இவள் நடந்துகொண்டிருக்கிறாள். இணையத்தில் சுற்றும் விளக்கத்தில் படுக்கையில் புரளும் ஆள் ஒருவர் வருகிறாரே, மூலத்தில் அந்தப் படுக்கை யாருடையது என்று பார்த்தால் அது தூங்கக் கொடுத்துவைத்தவர்களுடையது. எனக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வெதுவெதுப்பான போர்வைக்குள் வரும் கவலையும் போர்வையே இல்லாதவளின் கவலையும் ஒன்று இல்லை.

செயரு என்ற துண்டை அந்தக் கவிஞர் கவிதை முழுக்க விதவிதமாகக் கோத்திருப்பதையும் சொல்ல வேண்டும். முன்பகுதியில் ஊஹ்ட்செயரு. பின்னால் மோட்செயரு, அதாவது மனத்துயர், இரண்டு இடத்தில். அப்புறம் பிரெயோஸ்ட்செயரு, நெஞ்சுத்துயர். பொழுதின் பெயரோடு ஆரம்பித்த துயரம் மனசுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு சொல்லை ஒட்டிப் புதுச் சொல் செய்வது பழைய ஆங்கிலக் கவிஞர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் ஊஹ்ட்செயரெ என்பது ஊரில் எல்லோரும் பேசிய சாதாரணச் சொல்தானா, இல்லை இந்த ஒரு வரிக்காகவே கவிஞர் உண்டாக்கியதா என்று முடிவாகச் சொல்ல வழியில்லை. ஆங்கிலோ-சாக்ஸன்கள் தூக்கம் வராமைக்கு வைத்திருந்த பெயர் இது என்று அடித்துச் சொல்லும் பதிவுகளைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஆனால் அந்த உணர்வு அவளுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. அதே எக்ஸிட்டர் நூலில் நாடோடி என்று பெயர் வைக்கத்தக்க இன்னொரு கவிதை இருக்கிறது. அதில் தலைவனை இழந்து கடலில் அலையும் ஒருவன், ஒவ்வொரு ஊஹ்டிலும் நான் தனியாக என் துக்கத்தைச் சொல்லிப் புலம்ப வேண்டியிருந்தது என்கிறான். ஊஹ்டும் துக்கமும் அங்கே தனித்தனிச் சொல்லாக அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன, ஒட்டவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. தனியாக என்ற சொல்லும் இரண்டு கவிதையிலும் ஊஹ்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது. இதே நூலில் கடலோடியின் கவிதையில் நிஹ்ட்வக்கு என்று ஒன்று வரும், படகின் முனையில் நின்று செய்யும் இராக்காவல். இன்றைய ஆங்கிலத்தின் வேக், வாட்ச் இரண்டும் அந்த வக்கு குடும்பத்திலிருந்து வந்தவை. விழித்திருப்பதும் காவல் இருப்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆனால் நிஹ்ட்வக்கு வேலைக்காக விழித்திருப்பது. ஊஹ்ட்செயரெயில் விழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அது சரி, கவலை ஏன் குறிப்பாக அந்த நேரத்தில் வந்து பிடிக்கிறது? இதற்கு உடம்பிலும் காரணம் இருக்கிறது. இரவின் முதல் பாதியில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பிற்பாதியில் லேசான தூக்கமும் கனவு வரும் தூக்கமும் மாறி மாறி வரும், சின்னச் சத்தத்துக்கே விழிப்பு தட்டிவிடும். பகலெல்லாம் சேர்ந்த தூக்க அழுத்தம் அதற்குள் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். உடலின் உள்வெப்பம் நாம் வழக்கமாக எழுவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்னால்தான் மிகவும் இறங்கியிருக்கும். உடம்பைப் பகலுக்குத் தயார் செய்யும் கார்ட்டிசால் சுரப்பும் அந்த வேளையில் ஏற ஆரம்பித்திருக்கும். பேச ஆள் இல்லை, செய்ய வேலை இல்லை, இருட்டு வேறு. எப்போதாவது இப்படி விழித்தால் பயப்பட ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் தினமும் இதே நேரத்துக்கு விழிப்பு வந்து, பகலிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயின் அறிகுறிகளில் ஒன்றாக இருக்கக்கூடும். அப்போது சொல்லாராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் ஊஹ்ட் இடைக்காலத்தோடு வழக்கொழிந்து போனது. அதனால்தான் ஊஹ்ட்செயரெயைத் தோண்டி எடுத்து அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் நன்றாகவே இருக்கிறார்கள். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்தபோது, மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடு எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபம் செய்தார் என்ற வசனத்தில் ஊஹ்ட்வோ என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார். ஐஸ்லாந்து மொழியில் ஓட்டா என்றால் சுமார் அதிகாலை மூன்று மணி. டச்சுக்காரர்களுக்கோ அது இருட்டெல்லாம் போய் வெறும் காலை ஆகிவிட்டது. ஓஹ்டெண்ட் என்ற சொல்லை அவர்கள் நேற்றும் சொல்லியிருப்பார்கள், நாளைக்கும் சொல்வார்கள், செய்தித்தாளின் காலைப் பதிப்புக்குக்கூட அந்தப் பெயரை வைப்பார்கள்.